அறியாப் பார்வை: கண்டது தெரியாமலே காணும் மூளை

பாரிசவாதம் வந்து, சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பும் ஒருவர் படலையால் உள்ளே வரும்போது இடப்பக்கத் தூணில் தோளை இடித்துக்கொள்கிறார். மேசையில் இடப்பக்கம் வைத்த தேத்தண்ணிக் கோப்பை அவர் கைபட்டுக் கவிழ்கிறது. "கண் மங்கிப்போச்சுப் போல, கண்ணாடியை மாத்துவம்" என்று வீட்டார் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்துவிடுகிறார். இரண்டு கண்ணும் நல்லது என்கிறார்கள். உண்மையும் அதுதான். பழுது கண்ணில் இல்லை, பிடரிக்குள் இருக்கிறது.

இப்படிப் பார்வை போனவர்களிற் சிலரிடம் இன்னொன்றும் உண்டு. தெரியாத பக்கத்தில் ஓர் ஒளிப்புள்ளியைக் காட்டி, தெரிகிறதா என்று கேட்டால் "ஒண்டும் தெரியேல்லை" என்பார்கள். "சரி, சும்மா ஒரு குத்துமதிப்பாக் கையைக் காட்டுங்கோ" என்றால், ஒளி வந்த இடத்துக்கே கை போகும். ஏன் அங்கே காட்டினீர்கள் என்றால் அவர்களுக்கே தெரியாது. இதைத்தான் 1974இல் பிரித்தானிய உளவியலாளர் லோரன்ஸ் வைஸ்கிரான்ஸும் அவருடன் வேலைசெய்தவர்களும் ஆங்கிலத்தில் குருடு, பார்வை என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி blindsight என்று பெயரிட்டார்கள். தமிழில் அதை அப்படியே "குருட்டுப் பார்வை" என்றால் மங்கிய பார்வை என்றே விளங்கும். இங்கே பார்வை மங்கவில்லை. மூளை காண்கிறது, கண்டது அந்த ஆளுக்குத் தெரிவதில்லை. ஆகவே இக்கட்டுரையில் அதை "அறியாப் பார்வை" என்கிறோம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1800களின் நடுப்பகுதியிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த மண் இது. பொருந்தாத பெயரை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டிய தேவை நமக்கு இல்லை.

கண்ணிலிருந்து பிடரிக்கு

முதலில் ஒரு பொதுவான தவறு. இடக்கண் இடப்பக்கத்தையும் வலக்கண் வலப்பக்கத்தையும் பார்க்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணும் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறது. நீங்கள் நேரே பார்க்கும் புள்ளிக்கு இடப்பக்கம் உள்ளதெல்லாம், எந்தக் கண்ணால் உள்ளே வந்தாலும், மூளையின் வலப்பாதிக்குப் போகிறது. வலப்பக்கம் உள்ளது இடப்பாதிக்கு. இதற்காகவே இரண்டு பார்வை நரம்புகளும் வழியில் சந்தித்து, மூக்குப் பக்கத்து நார்களை மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்கின்றன.

பின்தலையில் கையை வைத்தால், கழுத்துக்குச் சற்று மேலே எலும்பு கொஞ்சம் புடைத்திருப்பது தட்டுப்படும். அதற்கு உட்புறம் இருப்பது பிடரிச் சோணை. அங்குள்ள முதன்மைப் பார்வை மேற்பட்டைக்குத்தான் விழித்திரையின் செய்தி, மூளையின் நடுவில் உள்ள தலமஸ் என்ற தரிப்பிடம் வழியாக வந்து சேர்கிறது. இனி அதைச் சுருக்கமாகப் பார்வைப் பட்டை என்போம். வெளியுலகின் ஒரு வரைபடம் அதன்மேல் விரிந்திருக்கிறது. ஆனால் அளவு ஒத்த வரைபடம் அல்ல. கையை முழுதாக நீட்டிப் பொத்திப்பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. பார்வையின் நடுப்புள்ளியிலிருந்து எப்பக்கமும் அந்த ஒரு கை அகலத்துக்குள் அடங்கும் சிறு பகுதிக்கே பட்டையின் ஏறத்தாழப் பாதி செலவாகிறது.

வலப்பக்கப் பட்டைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைபட்டால், இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் இடப்பாதி போய்விடும். மேலே சொன்னவருக்கு நடந்தது அதுதான். எழுத்துப் பலகையை அவர் எப்படி வாசித்தார்? நடுப்பார்வையில் ஒரு பாதி மீந்திருந்தாலே அதற்குப் போதும். கண்ணாடி மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. "இடக்கண் தெரியுதில்லை" என்று அவரே சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் இடப்பக்கம் தெரியாவிட்டால் பழுது மூளையில்.

இந்த வரைபடத்தை மனிதர் கண்டறிந்தது பெரும்பாலும் போர்க் காயங்களால். 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் துப்பாக்கிச் சன்னம் பின்தலையைத் துளைத்தும் உயிர்தப்பிய வீரர்களை தட்சுஜி இனொவுயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் ஆராய்ந்தார். எந்த இடம் சிதைந்தால் பார்வையின் எந்தத் துண்டு போகிறது என்று அளந்து 1909இல் வெளியிட்டார். முதலாம் உலகப் போரின்போது, 1917இல், ஜோர்ஜ் றிடொக் என்ற பிரித்தானிய மருத்துவர் இன்னும் வினோதமான ஒன்றை எழுதினார். பார்வை போன பகுதியில் ஒரு பொருளை அசையாமல் வைத்தால் அந்த வீரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதையே அசைத்தால், உருவமோ நிறமோ இல்லாமல், ஏதோ அசைகிறது என்பது மட்டும் சிலருக்குத் தெரிந்தது. எறிகணைத் துண்டுகளைத் தலைக்குள் சுமந்தபடி வாழ்பவர்கள் வடக்கில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களோடு இருப்பவர்களுக்கும் இது தூரதேசத்துக் கதை அல்ல.

சோதனை எப்படி நடக்கிறது

வைஸ்கிரான்ஸ் ஆராய்ந்தவர்களிற் பெயர்பெற்றவர் டி.பி. என்ற முதலெழுத்துகளால் அறியப்படுபவர். வலப்பக்கப் பிடரிச் சோணையில் இரத்தக்குழாய்கள் முடிச்சிட்டிருந்ததால், 1973இல் சத்திரசிகிச்சை செய்து அப்பகுதியை அகற்றினார்கள். இடப்பாதிப் பார்வை போனது. ஆனால் அந்தப் பக்கம் காட்டிய ஒளியை நோக்கிக் கையை நீட்டச் சொன்னபோது பெரும்பாலும் சரியாக நீட்டினார். கோடு நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்று ஊகிக்கச் சொன்னபோதும் தற்செயலை மிஞ்சிச் சரியாகச் சொன்னார். எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று பிறகு காட்டியபோது அவரே வியந்துபோனார். தான் வெறுமனே ஊகித்ததாகவே நினைத்திருந்தார்.

"தெரிகிறதா?" என்று கேட்பதால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டில் ஒன்றைக் கட்டாயம் சொல்லவைக்க வேண்டும். ஆளை இருத்தி, முகவாயைத் தாங்கியில் வைத்து, திரையின் நடுப்புள்ளியையே பார்க்கச் சொல்வார்கள். கண் அசைகிறதா என்று கமரா கவனிக்கும். ஒளியை 200 மில்லிசெக்கனுக்குக் குறைவாகவே காட்டவேண்டும். புதிதாகத் தோன்றிய ஒன்றை நோக்கிக் கண் திரும்ப ஏறத்தாழ அவ்வளவு நேரம் எடுக்கும். அதைவிடக் கூடினால் கண் மெல்லத் திரும்பி, தெரிகிற பக்கத்தால் பார்த்துவிடும். மேலா கீழா, அசைந்ததா அசையவில்லையா என்பது போல இரண்டே விடைகள். வரிசையைக் கணினி குலுக்கிப்போட வேண்டும். மனிதர் மனதுக்குள் போடும் வரிசையில் ஓர் ஒழுங்கு வந்துவிடும், எதிரே இருப்பவர் அதைப் பிடித்துவிடுவார்.

எத்தனை தடவை என்பதும் முக்கியம். 10 தடவையில் 7 சரி என்றால் நல்ல பெறுபேறு போலத் தோன்றும். நாணயத்தைச் சுண்டிப் பதில் சொன்னாலும் ஆறில் ஒரு தடவை 7 அல்லது அதற்கு மேல் வந்துவிடும். 20இல் 15 என்றால் தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கிவிடும். நல்ல ஆய்வுகூடங்கள் நூற்றுக்கணக்கான தடவை செய்வது இதனால்தான்.

பிழைக்கும் வழிகள் இன்னும் உண்டு. சுவிட்சின் "டிக்" சத்தம் காட்டிக்கொடுக்கும். சோதிப்பவரின் குரல் மாறும். எல்லாவற்றையும் விட வில்லங்கமானது ஒளிச்சிதறல். கண்ணுக்குள் புகும் ஒளி விழித்திரையில் கொஞ்சம் சிதறி, நல்ல பக்கத்திலும் விழும். அந்த மங்கலைத்தான் ஆள் பிடிக்கிறாரோ? இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வைஸ்கிரான்ஸ் கையாண்ட வழி மிக அழகானது. எல்லாருடைய கண்ணிலும், பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் ஒளியை உணரும் கலங்களே இல்லை. அதுதான் குருட்டிடம். டி.பி.யின் இடக்கண்ணின் குருட்டிடம் அவருக்குப் பார்வை போன இடப்பாதிக்குள்ளேயே வருகிறது. ஒளியைச் சரியாக அதன்மேல் விழுத்தினால் சிதறல் எப்போதும்போலவே நடக்கும், ஆனால் அந்த இடத்து விழித்திரைக்கு ஒன்றும் தெரியவராது. அப்போது அவரால் ஊகிக்க முடியவில்லை. ஒளியைக் கொஞ்சம் தள்ளி, கலங்கள் உள்ள இடத்தில் விழுத்தியதும் மறுபடி சரியாகச் சொன்னார். சிதறலால்தான் சொன்னார் என்றால் இரண்டிடத்திலும் ஒரே மாதிரிச் சொல்லியிருக்க வேண்டும்.

குருட்டிடத்தை நீங்களே பார்க்கலாம். தாளில் 8 சென்ரிமீற்றர் இடைவெளியில் இடப்பக்கம் ஒரு சிலுவைக்குறியும் வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் போடுங்கள். இடக்கண்ணை மூடி, தாளை 30 சென்ரிமீற்றர் அளவில் பிடித்து, வலக்கண்ணால் சிலுவையையே பாருங்கள். தாளை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் ஓரிடத்தில் புள்ளி மறையும். அங்கே கரும் ஓட்டை தெரியாது, தாளின் வெள்ளை நிரம்பியிருக்கும். பாதிப்பார்வை இழந்தவர்கள் பலர் தமக்குப் பார்வை போனதையே உணராமல் இருப்பது ஏன் என்பதற்கு இதில் ஒரு தடயம் உண்டு. இல்லாத இடம் இருட்டாகத் தெரிவதில்லை.

வேறு வழிகள்

பார்வைப் பட்டை செத்த பிறகு செய்தி எதனூடாகப் போகிறது? ஒரு பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 இலட்சம் நார்கள் உண்டு. பத்தில் ஒன்பது பங்கு தலமஸ் வழியாகப் பட்டைக்குப் போகும் பெருவழி. மீதி ஒரு பங்கு பட்டையைத் தொடாமல் வேறிடங்களுக்குப் போகிறது. ஒரு பங்குதானே என்று தள்ளிவிட முடியாது. அது ஏறத்தாழ ஒரு இலட்சம் நார். ஒரு காதின் கேள்நரம்பு முழுவதிலும் இருப்பதே ஏறத்தாழ 30,000 நார்தான்.

அதில் பெரும்பகுதி நடுமூளையில் உள்ள மேற்சிறுகுன்றுக்குப் போகிறது. பரிணாம வரலாற்றில் மிகப் பழைய பார்வை நிலையம் அது. தவளை பூச்சியைக் குறிவைத்து நாக்கை நீட்டுவது முக்கியமாக இதற்கு ஒத்த பகுதியால்தான். எது எங்கே தோன்றியது, எப்பக்கம் அசைந்தது, அங்கே கண்ணையும் தலையையும் திருப்பு என்பதே அதன் வேலை. அது என்ன பொருள் என்று அது கேட்பதில்லை. இன்னொரு பாதை தலமஸிலிருந்து பார்வைப் பட்டையைத் தாண்டி, அசைவைக் கணிக்கும் பகுதிக்கு நேரே போகிறது. 2010இல் வெளிவந்த ஒரு குரங்காய்வில், பார்வைப் பட்டை பழுதான குரங்கின் தலமஸில் உள்ள அந்தத் தரிப்பிடத்தையும் தற்காலிகமாக முடக்கியபோது, மீந்திருந்த அறியாப் பார்வையும் போய்விட்டது. எனவே மேற்சிறுகுன்றே எல்லாவற்றையும் செய்கிறது என்று எளிமையாகச் சொல்லிவிட முடியாது.

சில நார்கள் கண்மணியைச் சுருக்கும் இடத்துக்கும், உடலின் இரவுபகல் மணிக்கூட்டுக்கும் போகின்றன. இதில் மருத்துவப் பயன் உண்டு. பிடரிச் சோணை இருபுறமும் பழுதாகி ஒன்றுமே தெரியாதவரின் கண்ணிலும் ரோச் லைற் அடித்தால் கண்மணி சுருங்கும். கண்ணோ பார்வை நரம்போ முற்றாகக் கெட்டிருந்தால் சுருங்காது. பழுது எங்கே என்பதைப் பிரிக்க ஒரு ரோச் லைற்றே பாதி உதவி.

பாதிப் பார்வை அல்ல, இரண்டு பட்டையும் போனவர் ரி.என். என்று அறியப்படும் ஒரு மருத்துவர். 36 நாள் இடைவெளியில் இரண்டு தடவை பாரிசவாதம் வந்து, இருபுறமும் அழிந்தன. 2008இல் வெளியான சோதனையில், தடைப்பொருட்கள் பரப்பிய நீண்ட நடைபாதையில் பிரம்பில்லாமல் அவரை நடக்கச் சொன்னார்கள். தடைகள் இருப்பதை அவருக்குச் சொல்லவில்லை. விழுந்தால் பிடிப்பதற்காக ஒருவர் பின்னால் போனார். ரி.என். ஒவ்வொன்றையும் விலத்தி, எதிலும் முட்டாமல் மறுமுனைக்குப் போனார். எதையும் விலத்தியதாகவே அவருக்குத் தெரியவில்லை. அதற்கு முன் 2005இல் வெளியான சோதனையில், முகப்படங்களைக் காட்டி உணர்ச்சியை ஊகிக்கச் சொன்னபோது தற்செயலை மிஞ்சிச் சொன்னார். அச்சத்துக்கும் உணர்ச்சிக்கும் உரிய அமிக்டலா என்ற பகுதி அப்போது வேலைசெய்தது. ஆணா பெண்ணா, வட்டமா சதுரமா என்று கேட்டால் மட்டும் தற்செயலுக்கு மேலே போகவில்லை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். உயிருக்கு அவசரமானதைப் பழைய வழிகள் எடுத்துக்கொள்கின்றன, விவரத்தைப் பட்டையிடம் விட்டுவிடுகின்றன.

அதனால் அறியாப் பார்வையின் எல்லைகளும் தெளிவு. பெரியது, அசைவது, பின்னணியோடு நன்றாக வேறுபடுவது அகப்படும். மெல்லிய கோடு, எழுத்து, ஆளின் அடையாளம் அகப்படா. பத்திரிகை வாசிக்க முடியாது. எல்லாருக்கும் இது இருப்பதும் இல்லை.

ஒரு சந்தேகத்தையும் இங்கே சொல்லவேண்டும். இது உண்மையில் அறியாத பார்வையா, அல்லது மிக மங்கலாகத் தெரிவதை "தெரியவில்லை" என்று சொல்லிவிடுகிறார்களா? 1983இலேயே இந்த மறுப்பு வலுவாக எழுந்தது, இன்றும் ஓயவில்லை. மேற்பட்டையில் சிறு தீவுகளாக நல்ல இழையம் மீந்திருக்கலாம் என்றும் 1992இல் காட்டினார்கள். அசைவு வேகமாக இருந்தால் "பார்க்கவில்லை, ஆனால் ஏதோ நடந்தது" என்று சொல்லும் நோயாளிகளும் உண்டு. எமது கணிப்பில் இந்த மறுப்பு சோதனையைச் செம்மையாக்கியதே தவிர விடயத்தை இல்லாமலாக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு விடைக்குப் பின்னும் "எவ்வளவு நிச்சயம்?" என்று கேட்டுப் பதியாத சோதனையை வைத்து அறியாப் பார்வை என்று அடித்துச் சொல்லக் கூடாது.

இதோடு குழப்பக் கூடாத இன்னொன்று, காதால் சுற்றத்தை அறிவது. கரண்ட் போன இரவில் ஒழுங்கையால் நடக்கும்போது, கல்மதில் பக்கத்தில் வந்ததை முகத்தில் உணர்வதுபோல இருக்கும். கிடுகு வேலியில் அது குறைவு. மதில் ஒலியைத் திருப்பியனுப்புகிறது, கிடுகு விழுங்குகிறது. விழிப்புலன் இழந்த பலர் இந்தத் திறனை முகத்தால் உணர்வதாகவே நம்பினார்கள். 1944இல் காதை அடைத்துச் சோதித்தபோது திறன் போய்விட்டது. அது கேட்கும் திறன், கண்ணுக்கு அதில் வேலையில்லை.

வீட்டில் செய்யக்கூடியது

பார்வையின் ஒரு பக்கம் திடீரென்று போனால், கைகால் நன்றாக இருந்தாலும் அது பாரிசவாதமாக இருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்தான் பொதுவாகக் கொடுக்கலாம். விடியட்டும் என்று பார்க்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் கேட்கும் முதற் கேள்வி அதுதான்.

வீடு வந்த பிறகு, பாதிப்பார்வை போயிருக்கிறதோ என்று ஐயம் இருந்தால் இப்படிப் பார்க்கலாம். எதிரெதிரே ஒரு மீற்றர் இடைவெளியில், கண்கள் ஒரே உயரத்தில் வர இருங்கள். அவர் இடக்கண்ணை உள்ளங்கையால் மூடட்டும். விரலால் மூடினால் இடுக்கால் தெரியும். நீங்கள் உங்கள் வலக்கண்ணை மூடுங்கள். "என்ரை கண்ணையே பாருங்கோ" என்று சொல்லி, இருவருக்கும் நடுவில், இடமேல், இடக்கீழ், வலமேல், வலக்கீழ் என நாலு மூலையிலும் மாறிமாறி ஒன்று, இரண்டு அல்லது ஐந்து விரலை அசையாமல் காட்டி எண்ணச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றிச் செய்யுங்கள். யன்னலுக்கு முதுகைக் காட்டி இருக்க வேண்டாம், நிழல் காட்டிக்கொடுக்கும். காப்பைக் கழற்றிவிடுங்கள். விரலை ஆட்டிப் பார்ப்பதோடு நிறுத்துவதுதான் பெரிய பிழை. றிடொக் கண்ட அதே காரணத்தால், பார்வை போன பக்கத்திலும் அசைவு சிலருக்குத் தெரியும். "அசையுது" என்றதும் பார்வை நல்லது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அசையாத விரலையும் எண்ணவைக்க வேண்டும். இரண்டுக்கும் விடை வேறுபட்டால் அதை எழுதிவைத்து கிளினிக்கில் சொல்லுங்கள்.

தானாகத் திரும்பும் பார்வை பெரும்பாலும் முதல் 3 மாதங்களுக்குள் திரும்பும். அதன்பின் உதவுவது, தெரியாத பக்கத்துக்குத் தலையை முந்தித் திருப்பும் பழக்கம். இதை வீட்டாரும் நாள்தோறும் சொல்லிப் பழக்க வேண்டும். வாசிப்பில் இரண்டு வகைக் கஷ்டம். இடப்பாதி போனவருக்கு அடுத்த வரியின் தொடக்கம் அகப்படாது. தாளின் இடக்கரையில் ஓர் அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்து, அது தெரியும்வரை தலையைத் திருப்பச் சொல்லுங்கள். வலப்பாதி போனவருக்கு அடுத்த சொல்லே தெரியாது. அவர் வாசிப்பு மெதுவாகத்தான் இருக்கும், அவசரப்படுத்த வேண்டாம்.

றோட்டைக் கடக்கும்போது நமது நாட்டில் முதலில் வலப்பக்கத்தால்தான் வாகனம் வரும். வலப்பாதி போனவருக்கு முதல் அடியிலேயே ஆபத்து, இடப்பாதி போனவருக்கு நடுறோட்டுத் தாண்டியபின். கூடப்போகிறவர் தெரியாத பக்கத்தில் நடக்கவேண்டும். கட்டில்லாத தோட்டக் கிணறு உள்ள வளவில் அவரைத் தனியே விடக்கூடாது. பள்ளம் அசைவதில்லை, மீந்திருக்கும் சிறு பார்வைக்கு அது அகப்படாது. சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் வேண்டாம். பார்வை போன பக்கத்தால் வந்த பந்தை ஒருநாள் அவர் தட்டிவிட்டார் என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ரி.என். தடைகளையெல்லாம் விலத்தி நடந்தவர். அந்தச் சோதனைக்கு வெளியே அவர் வெண்பிரம்போடும் பிறர் துணையோடும்தான் நடந்தார்.